ஒன்பதாவது சங்கு

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் சங்கத்தின் பெரியவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், ஏழு நாளாக அழுது இப்போது அழவும் தெம்பில்லாமல் அமர்ந்திருக்கும், எங்கள் பாக் குருவின் துணைவியார் லிலிஸ் அம்மா அவர்களே! ஏழாம் நாள் ஓதுதலை முடித்த கையோடு கிளம்பிவிடாமல் எங்களுக்காகத் தங்கிவிட்ட இமாம் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் இரோ அக்கா அவர்களே! பாய் போதாமல் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் மஜாலயா மக்களே! உங்கள் எல்லாருக்கும் என் ஸலாம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ருஸ்தி. சந்தை முக்கில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். இதோ இந்த ஒலிபெருக்கியும் என் கடையுடையதுதான். இந்த ஊரில் கல்யாணமோ, தேர்தலோ, சாவோ, யார் பேசினாலும் என் ஒலிபெருக்கியில்தான் பேசியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறேன். அன்று பேசியது பொய். இன்று இரண்டாவது முறையாகப் பேசுகிறேன்.

பாக் குரு, வாத்தியார் ஐயா, என்று ஊரே கூப்பிட்ட திஸ்னா விராசஸ்மிதா போய்விட்டார். எப்படிச் சொல்வேன், எந்த வாயால் சொல்வேன்! நாற்பது வருடம் ஒரே ஒரு ஒலிநாடாவைக் கேட்டவர். நாற்பது வருடம் எட்டே எட்டுப் பாட்டுக்கு அர்த்தம் தேடியவர். அதற்காக வேலையை இழந்தவர், வீட்டை இழந்தவர். எதற்காக இழந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று நினைக்கிறீர்கள். தெரியாது. இந்த மண்டபத்தில் அது முழுதாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

இளையவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக முதலில் இருந்தே சொல்கிறேன். எழுபத்தெட்டில் இங்கே ஒரு நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பதினோரு நாள். பதினோராம் நாள் ஒரு லாரி வந்தது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனது. யார் வந்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. ஏழு பேரும் வெளியூர்க்காரர்கள். ஆலைக்குப் பின்னால் வாடகை அறைகளில் நான்கு பேர், ஐந்து பேராக அடைந்து கிடந்தவர்கள். ஒருவரை ஒருவர் பட்டப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். நெட்டையன், ஓட்டைப்பல், ரேடியோ! ஆகவே லாரி போன பிறகு, போனவர்கள் ஏழு பேர் என்று ஊருக்குத் தெரிந்தது. அவர்கள் பெயர் தெரியவில்லை. ஆலையின் பதிவேட்டில் அந்தப் பக்கமே இல்லை என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் இரோ அக்காவின் தம்பியும் அறைக்குத் திரும்பவில்லை. சஹ்ரோனி. பத்தொன்பது வயது. சாயப்பிரிவில் வேலை. அவன் லாரியில் போனவர்களில் ஒருவனா, இல்லை பயந்து வேறு எங்காவது ஓடிவிட்டானா, யாருக்கும் தெரியாது. சொந்த ஊரான கருட்டிலிருந்து தேடிக்கொண்டு வந்த அக்கா திரும்பிப் போகவே இல்லை. இங்கேயே தறியில் சேர்ந்தார். தம்பி வந்தால் வழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்றார்.

அடுத்த வருடம் எங்கள் ஒலிநாடா வந்தது. ‘நீலக்கை’ என்பது எங்கள் குழுவின் பெயர். மூன்றே பேர். பாட்டெழுதிப் பாடியவன் ஹெர்லான். அவன் அப்பாவுக்குச் சாயத்தொட்டியில் வேலை, சாகும்வரை அவர் கை நீலம் போகவில்லை. மேளம் ஆத்தெங். பாஸ் கிட்டார் நான். ஒலிநாடாவுக்கு ‘ஒன்பது சங்கு’ என்று பெயர் வைத்தோம். ஆலையில் ஒரு நாளைக்கு ஒன்பது முறை சங்கு ஊதும். சங்குக்கு ஒரு பாட்டு. எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஒரு நெசவுக்காரப் பெண்ணின் ஒரே ஒரு நாள்.

ஒன்பது என்று அட்டையில் இருக்கும். உள்ளே எட்டுப் பாட்டுதான் கேட்கும். எட்டாவது பாட்டில் அவள் கொசுவலைக்குள் படுக்கிறாள். அப்புறம் நான்கு நிமிடம் பத்து நொடி ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒலிநாடா தீர்ந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போகும்போது, ஒரு சங்கு. ஒரே நொடி. டக்கென்று இயந்திரம் நின்றுவிடும்.

முந்நூறு பிரதி போட்டோம். விற்றது நூற்றுச் சொச்சம். பாண்டுங் பத்திரிகையில் ஒருவர், நெசவாலைச் சத்தத்தையே கேட்டுவிடலாம், அது இதைவிடச் சுருதியாக இருக்கும் என்று எழுதினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. ஏன்? இந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்த முப்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர், அதில் ஒன்றை வாங்கிவிட்டார்!

அவர் எப்படிக் கேட்டார் என்று சொல்ல வேண்டாமா? மற்றவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அர்த்தம் தேடுவார்கள். இவர் ஒலிநாடாவைத் தூக்கிக்கொண்டு தறிக்காரர்களிடம் போனார். ஆலை வாசல் காப்பிக் கடையில் இயந்திரத்தை வைப்பார். ஒரு பாட்டைப் போடுவார். நிறுத்துவார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுப்பார். எப்போதும் பென்சில்தான். “நான் வாத்தியாரு, தப்பு பண்றது என் பழக்கம், அழிக்க வசதியா இருக்கணும்” என்பார்.

நான்காவது பாட்டில் மேஸ்திரி ஆலைக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர், அது பழைய பிரபுக்களின் குடை, நிலவுடைமைச் சின்னம் என்று அரைமணி நேரம் விளக்கினார். பாக் குருவும் தலையாட்டி எழுதிக்கொண்டார். பக்கத்தில் கருவாடும் சோறும் தின்றுகொண்டிருந்த ஒரு தறிக்காரர் சிரித்துவிட்டார்.

“என்னண்ணே சிரிக்கிற?”

“இல்ல பாக் குரு, அந்த ஷெட்டு கூரை ஒழுகும். அதான் குடை. மழைக்காலத்துல வந்து பாருங்க, சின்னம் உங்க தலையிலயும் சொட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். பல்கலைக்கழகக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. பாக் குரு சிரிக்கவில்லை. பென்சில் முனையைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப உங்களுக்குக் குடை?”

“எங்களுக்கா? ரெண்டு கையும் நூல்ல இருக்கு. எந்தக் கையில பிடிக்க?”

“அதான்யா அர்த்தம்! கூரை எல்லாருக்கும் ஒழுகுது. குடை ஒருத்தன்கிட்டதான் இருக்கு. இதுக்கு மேல என்ன சின்னம் வேணும்!” என்றார். மூன்று பக்கத்தை அங்கேயே அழித்தார்.

இன்னொரு நாள் ஏழாவது பாட்டு. ‘துணி வளர்கிறது, நான் அதன் பின்னால் நிற்கிறேன்’ என்று ஹெர்லான் பாடுவான். பாக் குரு அதை, உழைப்பவள் தன் உழைப்பின் பின்னால் பெருமையாக மறைந்து நிற்கிறாள் என்று எழுதி வைத்திருந்தார். படித்தும் காட்டினார். இரோ அக்கா எழுந்தார். அக்கா, நினைவிருக்கிறதா? நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“பெருமையுமில்ல கத்திரிக்காயுமில்ல, பாக் குரு. அவ வயித்துல பிள்ள. வயிறு தெரிஞ்சா சீட்டுக் கிழிச்சிடுவாங்க. அதான் துணிக்குப் பின்னால நிக்கிறா. பாடினவன் ஆம்பளையா இருந்தும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு என்ன ஆச்சு?”

பாக் குரு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஒரு பள்ளி வாத்தியார், தறிக்காரப் பெண் ஒருத்தி முன்னால், நாற்பது பேர் பார்க்க, “எனக்குத் தெரியல, மன்னிச்சிரும்மா” என்றார். அன்று ராத்திரியே அந்தப் பாட்டைப் பற்றிய கட்டுரை முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினார். அப்பேர்ப்பட்ட மனிதர்! உண்மை எங்கிருந்து வந்தாலும் எழுந்து நின்று வாங்கிக்கொண்ட மனிதர்! அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாற்பது வருடம் ஆனது. அப்படியானால் நான் எப்பேர்ப்பட்டவன்? நீங்களே சொல்லுங்கள்.

அவர் பேனாவால் எழுதியது ஒன்றே ஒன்று. அந்த நான்கு நிமிட மௌனத்தைப் பற்றிய கட்டுரை. எண்பத்தொன்றில் ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ‘இங்கே பாடகர்கள் வாய் மூடவில்லை, வாய் மூடப்பட்டவர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஏழு பேர் நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. கடைசியில் ஊதும் சங்கு அவர்களை வேலைக்குக் கூப்பிடுகிறது. இனி வரமாட்டார்கள் என்று சங்குக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.’ என்ன எழுத்து! படித்துவிட்டு ஊரே அழுதது. நானும் அழுதேன். நான் அழுத காரணம் வேறு.

அந்த மாதமே அதிகாரிகள் வந்தார்கள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஹெர்லான் அப்போது உயிரோடு இல்லை. ஒலிநாடா வந்த கையோடு களிமந்தான் காட்டுக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போனவன், ஒரே வருடத்தில் காய்ச்சலில் செத்தான். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ஆள். மிரட்டக்கூட இல்லை. தேநீர் கொடுத்தார்.

“தம்பி, இந்த நாலு நிமிஷம் எதுக்கு விட்டீங்க?”

“விடலை ஐயா. பிரதி எடுக்கிற எடத்துல ஏதோ கோளாறு. மிஷின் பழுது.”

“அப்ப அந்த வாத்தியார் எழுதினது?”

“அவரா கற்பனை பண்ணிக்கிட்டது ஐயா. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாக் குருவைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். இல்லாத ஒன்றைச் சொல்லிக் கலகம் மூட்டியவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். லிலிஸ் அம்மா அன்று முதல் தெருமுனையில் பலகாரம் சுட்டு விற்றார். வாத்தியார் வீட்டு அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்ததை இந்த ஊரே பார்த்தது. நானும் தினமும் இரண்டு வாங்கித் தின்றேன்.

பாக் குரு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாரா? கேட்கவில்லை! அறையில் நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னதை எழுதிய தாளை அவரிடமும் காட்டியிருந்தார்கள். வழியில் பார்த்தபோது என் தோளில் கை வைத்து, “நீ சரியாத்தான் சொன்ன, ஜாங். கலைஞன் தப்பிக்கணும். அர்த்தம் சொல்றவன் மாட்டிக்கலாம், பரவாயில்ல” என்றார். எனக்கு அறுபது வயது தாண்டியும் அவர் என்னை ஜாங் என்றுதான் கூப்பிட்டார், சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோல.

தொண்ணூற்றெட்டில் ஆட்சி மாறியது. வாய் திறக்கலாம் என்று ஆனது. இதே மண்டபத்தில் விழா எடுத்தீர்கள். எனக்கு மாலை போட்டீர்கள். ஆத்தெங் அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டதால், மூவருக்கும் சேர்த்து நானே குனிந்து வாங்கிக்கொண்டேன். பேசச் சொன்னீர்கள். “ஆமாம், அந்த மௌனத்தை வேண்டுமென்றேதான் வைத்தோம், பாடமுடியாததைப் பாடாமல் பாடினோம்” என்று பேசினேன். கை தட்டினீர்கள். பாக் குரு கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேனே, ஒரே ஒரு முறை பேசினேன், அது பொய் என்று. அந்தப் பேச்சுதான்.

அன்றிலிருந்து வருடா வருடம், லாரி வந்த அந்த நாளில் இங்கே கூடுகிறோம். அவித்த கடலையும் இஞ்சித் தண்ணீரும் சுற்றி வரும். பாட்டு எட்டும் ஓடும். அப்புறம் எல்லாரும் எழுந்து நிற்பீர்கள். கைக்குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போவீர்கள். நான்கு நிமிடம் பத்து நொடி. இரோ அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய நிற்பார். “இது எந்தம்பிக்கு வெச்ச எடம்னு பாக் குரு சொன்னாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இருபத்தொரு வருடம் நின்றீர்கள், அக்கா. முட்டி வலியோடும் நின்றீர்கள். இயந்திரத்தின் பொத்தானுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

மக்களே, அந்த இடம் யாருக்கும் வைத்த இடமில்லை. அங்கே ஒரு பாட்டு இருந்தது.

இருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாவது பாட்டை ஹெர்லான் எழுதவில்லை, சேகரித்தான். மூன்று மாதம் அறை அறையாகப் போனான். பட்டப்பெயருக்குப் பின்னால் இருந்த நிஜப் பெயரைத் தேடினான். யார் பெட்டி யாரிடம் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது, என்று கேட்டுக் கேட்டு ஏழு பெயரையும் கண்டுபிடித்தான். பாட்டில் உவமை இல்லை, சின்னம் இல்லை. பெயர், ஊர், தங்கிய அறை. பெயர், ஊர், தங்கிய அறை. ஏழு பேர். அவ்வளவுதான் பாட்டு. எட்டுப் பாட்டும் சுற்றிவளைத்துச் சொன்னது, அந்த ஒன்பதாவது பாட்டு நேராகச் சொல்லும்வரை ஆளை உட்கார வைக்கத்தான்.

மூல நாடாவைப் பிரதி எடுக்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான். அட்டையை முன்பே அச்சடித்தாயிற்று. அங்கே இருந்தவர் போட்டுக் கேட்டார். ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் என்னையே பார்த்தார். “இதைக் கேட்டுட்டு நான் தூங்கணுமா? நீயே முடிவு பண்ணு, தம்பி, நான் வெத்தலை வாங்கிட்டு வரேன்” என்று வெளியே போய்விட்டார். வெளியே போனவர் திரும்பிவரப் பத்து நிமிடம் ஆனது. எனக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. ஒலிவாங்கியைப் பிடுங்கிவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக அழிவதை இயந்திரத்தின் ஒலியளவு ஊசி காட்டவில்லை, அது அசையாமல் கிடந்தது. கடைசியில் அவசரப்பட்டு ஒரு நொடி முன்னால் விரலை எடுத்துவிட்டேன். அதனால்தான் பாட்டின் முடிவில் ஊதும் சங்கு மட்டும் மிஞ்சியது. பாக் குரு எந்தச் சங்கைக் கேட்டு அப்படி எழுதினாரோ, அது என் விரல் அவசரப்பட்டதில் மிஞ்சியது.

ஹெர்லானிடமும் ஆத்தெங்கிடமும், கடைக்காரன் அழித்துவிட்டான் என்றேன். ஆத்தெங் பயத்தில் சாகும்வரை அதை வெளியே சொல்லவில்லை. ஹெர்லானோ, பெயர் எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு களிமந்தானுக்குப் போனான். அந்தச் சட்டை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இருபது நாளுக்கு முன்னால், பாக் குருவுக்குச் சிறுநீரகம் முழுதாகக் கைவிட்டுவிட்டது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று கேட்டதும் போனேன். ஏன் போனேன்? மன்னிப்பு வாங்கத்தான். செத்துப்போனால் யாரிடம் வாங்குவது என்ற பயம். அதிலும் என் காரியம்தான்.

“பாக் குரு, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு, ஜாங். பாஸ் வாசிக்கிறவன் வாயத் தொறந்தா பெரிய விஷயமாத்தான் இருக்கும்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“என்ன பாட்டு அது?” என்றார்.

“பேருங்க. ஏழு பேரோட பேரு, பாக் குரு.”

“நிஜப் பேரா?”

“நிஜப் பேரு. ஊரு. அறை.”

தலையணையைவிட்டுத் தலை தூக்க முடியாத மனிதர், கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்! லிலிஸ் அம்மா ஓடி வந்தார்கள். “பென்சில் குடு. சொல்லு, ஜாங். ஒண்ணு?” என்றார். என் குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயரைச் சொல், பெயரைச் சொல், அதுதான்.

சொன்னேன். துல்ஹமித், இந்த்ரமாயு. கர்சிஹ், சுபாங். சொபாந்தி, சியாமிஸ். என்தின், சுமேடாங். வர்ஸா, செரிபோன். ஒவ்வொன்றாக எழுதினார். ஆறு என்று போட்டார். ஏழு என்று போட்டார். பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வரல, பாக் குரு.”

“யோசி.”

“கடைசி ரெண்டு பேரையும் ஹெர்லான் கத்துவான். நாங்க மூணு பேரும் உச்சத்துல வாசிப்போம். நான் ஆத்தெங் கையத்தான் பாத்துட்டு இருப்பேன். காதுல விழுந்திருக்கும், ஆனா…”

“விரலுக்கு ஞாபகம் இருக்கும். வாசி.”

கிட்டார் இல்லை. கட்டில் சட்டத்தில் வாசித்தேன். முதல் பெயரிலிருந்து வாசித்தேன். விரல் ஒரு சுரம் மறக்கவில்லை, மக்களே! நாற்பது வருடம் கழித்தும் ஒரு சுரம் மறக்கவில்லை! பெயர் வரவில்லை. மறக்க வேண்டும், மறக்க வேண்டும் என்று எத்தனை வருடம் பாடுபட்டேன்! அந்த ஒரு காரியத்தில்தான் நான் ஜெயித்திருக்கிறேன்.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பன்னிரண்டு நாள் அந்தக் கட்டிலில் வாசித்தேன். பதின்மூன்றாம் நாள் போனபோது பென்சில் தரையில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“நான் நல்லா விளக்கம் சொன்னேன் இல்ல, ஜாங்?” என்றார்.

“உங்கள மாதிரி யாரும் சொன்னதில்ல, பாக் குரு.”

“அதான். அவ்வளவு அழகா சொல்லிட்டேன். காலி எடத்தப் பாத்து, இங்க இருந்ததக் காணோமேன்னு ஒருத்தனாவது கேட்டிருப்பான். நான் கேக்க விடல. நின்னு கும்புடுங்கடான்னு சொல்லிட்டேன். நீ நாலு நிமிஷம் அழிச்ச. நான் நாப்பது வருஷம் அழிச்சிருக்கேன்.”

இல்லை என்று கதறினேன். “அந்த அறைகள்ல இருந்தவங்க எண்பதுலயும் உயிரோட இருந்தாங்க. தொண்ணூறுலயும் இருந்தாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் அதிகாலை போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அதைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லை.

இதுதான், மக்களே. அவர் நிறைவாக வாழ்ந்து நிம்மதியாகப் போனார் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். இல்லை. நிம்மதியாகப் போகவில்லை. இந்த நாட்டிலேயே நல்ல காது உள்ள மனிதர், தான் கேட்டதெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டு போனார். குடைக்கும் துணிக்கும் அவர் சொன்ன அர்த்தம் எல்லாம் சரி, அதை எவனும் மறுக்க முடியாது. ஆனால் கடைசியில் அவர் அதை நினைக்கவில்லை.

அக்கா எழுந்துவிட்டார்கள். வழி விடுங்கள், நிற்கட்டும்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் திரும்பச் சொல்கிறேன். அக்கா கேட்கிறார்கள்: “ருஸ்தி, என் தம்பி பேரு அதுல இருந்துச்சா?”

அக்கா, இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் மேடை ஏறினேன். நேற்றுவரை இதற்குப் பதில் வைத்திருந்தேன். இருந்தது என்று சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள், ஆறாவது பெயர் சஹ்ரோனி என்றே சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் அழுவீர்கள், அப்புறம் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அது என்னுடைய இரண்டாவது அழிப்பாக இருக்கும். ஒருவேளை அந்த இடத்தில் இருந்தது வேறு ஒரு அக்காவின் தம்பி. அவனை உங்கள் தம்பியின் பெயரால் நான் மூட முடியாது.

எனக்குத் தெரியாது, அக்கா. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அழித்துவிட்டேன். என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லாரும் வாக்குக் கொடுத்தீர்கள். எந்தப் பணியை? இனி அந்த ஒலிநாடாவுக்கு அர்த்தம் சொல்ல என்ன இருக்கிறது? நான் கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவுதான்: நாளை முதல் அந்த அறைகள் இருந்த சந்துகளுக்குப் போவேன். பாதி இடித்தாயிற்று, மீதியில் செல்போன் கடை இருக்கிறது என்று தெரியும். அன்று அங்கே குடியிருந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை என்றும் தெரியும். இந்த்ரமாயுவுக்கும் சுபாங்குக்கும் போவேன், அந்த ஐந்து வீட்டையாவது தேடுவேன். ஒன்றும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் போவேன்.

ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டாம். இங்கே எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருபது பேராவது இருக்கிறீர்கள். அன்று அந்த ஆலையில் இருந்தீர்கள். பக்கத்து அறையில் சோறு வாங்கியிருப்பீர்கள், யாருக்காவது கடிதம் படித்துக் காட்டியிருப்பீர்கள். ஒரு பெயர் போதும். அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும். ஒலிவாங்கியைக் கீழே அனுப்புகிறேன். கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வரிசை வரைக்கும் கொடுங்கள்.

பென்சிலும் தாளும் இதோ வைத்திருக்கிறேன்.

சொல்லுங்கள்.

யாராவது?